எந்தப் பிக்கப் எமது கமத்துக்கு?



மீளக்குடியேறிய ஒரு கிராமத்தின் கமக்காரர் அமைப்பினர் அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். காலபோக நெல் விற்ற பணத்தோடு சீட்டுக் கட்டிச் சேர்த்ததையும் போட்டு, பழைய பிக்கப் ஒன்று வாங்குவதென்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்துவிடப்பட்ட போதிலும், புதிய வாகனத்தின் விலை எமது மக்களின் கைக்கு எட்டக்கூடியதல்ல. ஆகவே பழையதுதான். பார்த்த இரண்டும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனங்கள். ஒன்றில் கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தடி இருந்தது. மற்றதில் தடி இல்லை. முன்பலகையில் ஒரு திருகு, அதில் 'ஓட்டோ' என்றும் ஓர் இடம். இரண்டாவதற்கு விலை அதிகம். "சாரதி ஒன்றையும் யோசிக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் வாகனமே பார்த்துக்கொள்ளும்" என்று விற்பவர் சொன்னாராம். அது உண்மையா என்பதே அவர்களது கேள்வி.

நாம் மெக்கானிக் அல்லர். ஆனால் மாரியில் வன்னி வீதிகளில் பல ஆண்டுகள் பிக்கப் ஓட்டியிருக்கிறோம். சேற்றில் இறங்கித் தள்ளியுமிருக்கிறோம்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். மாட்டுவண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓடும். இரண்டு சில்லும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் அதற்குச் சிரமமில்லை. உழவு இயந்திரத்தின் பின் சில்லுகளைப் பொறி சுழற்றுகிறது. ஆகவே நடுவில் டிபரன்சியல் வைத்து ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுழல வழி செய்திருக்கிறார்கள். ஒரு சில்லு சேற்றில் வீணாகச் சுற்றினால், மசி பெர்குசன் 135 ஓட்டியவர்கள் குதிக்காலால் ஒரு மிதியை அழுத்துவார்கள். இரண்டு சில்லும் ஒன்றாகப் பூட்டப்பட்டு இயந்திரம் வெளியேறும். ஆனால் அந்த மிதியை அழுத்தியபடி யாராவது திரும்புவார்களா? திரும்ப மாட்டார்கள்.

குட்டித் தடி உள்ள பிக்கப்பும் இதே நியாயத்துக்குக் கட்டுப்பட்டதுதான். சாதாரணமாகப் பின் சில்லுகள் மட்டும் இழுக்கும், இது 2எச். தடியை 4எச்சுக்குப் போட்டால், கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள ட்ரான்ஸ்பர் பெட்டி முன்னச்சையும் பின்னச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும், பூட்டியிருப்பதால் முடியாது. சேற்றிலும் மணலிலும் சில்லு சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் வீதியில் வழுக்காது. அந்த இழுவிசை சாவ்ற்றுகளிலும் பல்லுச் சில்லுகளிலும் முறுக்கேறி நிற்கும். ஸ்ரியறிங் பாரமாகும், திரும்பும்போது வாகனம் துள்ளும், ரயர் கீச்சிடும். தடியை எடுக்கப் போனால் வராது. அப்போது தடியோடு மல்லுக்கட்டக் கூடாது. நேராகச் சில யார் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து தானாகவே வரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? எமக்குத் தெரிந்த ஓர் அமைப்பின் பிக்கப் இப்படித்தான் பாழானது. மாரி முடியும் காலத்தில் வயலிலிருந்து நெல் ஏற்றியவர் 4எச்சில் போட்டார். வீதிக்கு ஏறியதும் வாகனத்தை மற்றவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். முன்பலகையில் எரியவேண்டிய சிறு விளக்கின் குமிழ் எரிந்துபோயிருந்தது. அடுத்தவர் ஒன்றும் அறியாமல் வாரக் கணக்காக ஏ9 வீதியில் சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓட்டினார். முதலில் ரயர்கள் தேய்ந்தன. பிறகு கீழே இரைச்சல் கேட்டது. ட்ரான்ஸ்பர் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, அவ்வாண்டு உரத்துக்கு வைத்திருந்த பணம் அதற்கே போதவில்லை. யார் குற்றம் என்ற சண்டை வாகனம் திருந்திய பிறகும் தீரவில்லை. குமிழின் விலை சில நூறு ரூபாய்.

அப்படியானால் 'ஓட்டோ' நல்லதுதானே என்பீர்கள். ஒரு வகையில் ஆம். இந்த வாகனம் பெரும்பாலும் பின் சில்லுகளாலேயே ஓடும். சில்லுகளின் வேகத்தை அளக்கும் உணரிகள், பின் சில்லு வழுக்குவதைக் கண்டதும் ஒரு சிறு கணினிக்குச் சொல்லும். ட்ரான்ஸ்பர் பெட்டிக்குள் ஒயிலில் மூழ்கிய தட்டுகள் ஒன்றோடொன்று நெருக்கப்பட்டு முன் சில்லுகளுக்கும் விசை போகும். வழுக்கல் நின்றதும் தட்டுகள் விலகும். முறுக்கேறுவதில்லை. ஓரிடம் நனைந்தும் ஓரிடம் காய்ந்தும், பாதி தாரும் பாதி கிறவலுமாக இருக்கும் வீதியில் இது மிகவும் உதவும். மேலே சொன்ன விபத்து 'ஓட்டோ'வில் நடந்திராது.

ஆனால் அது வழுக்கிய பிறகே விழிக்கிறது. ஆழமான சேற்றில் அதற்குள் பின் சில்லு தனக்குக் குழி தோண்டிவிடும். நெடுநேரம் மணலில் இழுத்தால் தட்டுகள் சூடேறித் தேயும். ஆகவே இந்த வாகனத்திலும் சேற்றில் இறங்குமுன் திருகை 4எச்சுக்கு மாற்றிப் பூட்டத்தான் வேண்டும். அதை மறந்து தார் வீதிக்கு ஏறினால் பழைய கதையேதான். யோசிக்கத் தேவையில்லை என்பது அரை உண்மை.

திருத்துவதும் வேறு விதம். தடியுள்ள பெட்டியை ஊர்க் கராஜில் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உணரியோ கணினியோ பழுதானால் பரிசோதிக்கும் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டிலில் நிற்கும் வாகனத்தின் வயர்களை எலி கடிப்பதும் எமது ஊர்களில் புதினமல்ல. இன்னொன்று: நான்கு ரயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும். காசு கிடைக்கும்போது ஒவ்வொன்றாக ரயர் மாற்றுவது எமது வழக்கம். சிறிய ரயர் வேகமாகச் சுழல்வதால் கணினி அதை வழுக்கலென்று எண்ணி ஏமாறும். தட்டுகள் காரணமின்றித் தேயும்.

மூன்றாவது வகையும் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலும் ஒரு டிபரன்சியல் வைத்தது. மிட்சுபிஷி 1991 இல் பஜேரோவில் கொண்டுவந்த சுப்பர் செலக்ட் இவ்வகை. பின்னர் எல்200 பிக்கப்புகள் சிலவற்றிலும் அது வந்தது. இதில் நான்கு சில்லும் இழுக்கத் தார் வீதியில் ஓடலாம், தேவையானபோது நடுவைப் பூட்டலாம். எமக்குப் பிடித்தது இதுவே. ஆனால் எல்லா எல்200 இலும் இது இல்லை. சாதாரணத் தடி வகையும் அதே பெயரில் விற்பனையானது. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாமல் உள்ளே தடியிலோ திருகிலோ என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

எந்த வகையானாலும் 4எல் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வாகனம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாகவும் அதே அளவு பலமாகவும் இழுக்கும். மூட்டை ஏற்றி வரம்பேறவும், குளக்கட்டுச் சரிவில் பொறியின் பிடியிலேயே மெல்ல இறங்கவும் அது வேண்டும். நான்கு சில்லு இழுக்கிறது என்பதால் பிறேக் கூடுதலாகப் பிடிக்காது என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பார்க்கப் போகும்போது தார் வீதியில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். கிறவல் நிலத்துக்குக் கொண்டுபோய் 4எச், 4எல் இரண்டையும் போட்டு எடுங்கள். முன் சில்லு கல்லை உதைக்கிறதா என்று ஒருவர் வெளியே நின்று கவனிக்கட்டும். பழைய வாகனமானால் முன் சில்லின் நடுவிலே கையால் திருப்பும் பூட்டு இருக்கலாம். இரண்டு பக்கமும் திருப்பவேண்டும். (ஒருமுறை ஒரு பக்கத்தை மறந்துவிட்டு, நாம் இரவு முழுவதும் வயலில் இருந்தோம்.) திறப்பைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பின் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்கக் குமிழைக் கழற்றியிருக்கவும் கூடும்.

வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்டது வேறு. வயலிலிருந்து வீதிவரை உழவு இயந்திரமும் பெட்டியும் போதாதா? போதுமென்றால் இரு சில்லுப் பிக்கப்பே மலிவு, எரிபொருளும் மிச்சம். அவர்களது ஊருக்குப் போகும் பாதை மாரியில் இரண்டு இடத்தில் அறுந்துவிடுமாம். நோயாளியை ஏற்றவும் அதுவே வழியாம். அப்படியானால் தடியுள்ளதையே வாங்குங்கள், ஓட்டுபவர்கள் இருவருக்கு மேல் வேண்டாம் என்றோம். பலர் கை மாறும் வாகனத்துக்கு 'ஓட்டோ' பொருத்தம் என்று அவர்களில் ஓர் அக்கா வாதிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதைத் திருத்த அவர்கள் போகவேண்டிய தூரம் எம்மை யோசிக்க வைத்தது.

தடியுள்ளதையே வாங்கினார்கள். அதன் முன்பலகையில் அந்த அக்காவின் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: 'தார் ஏறினால் 2எச். இறங்குபவர் அடுத்தவருக்குச் சொல்லவும்.'