தண்ணீர் காத்திருக்கும் இடம்: கடலோரப் பொறியியல் பற்றிச் சில குறிப்புகள்

'இயற்கைசார் பொறியியல்' என்கிற சொல்லாடல் உலக வங்கியின் திட்ட அறிக்கைகளிலிருந்து இறங்கி நம்ம ஊர் வரைக்கும் வந்துவிட்டது. கல்லுக்குப் பதில் மரம், கான்கிரீட்டுக்குப் பதில் மணல் என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சுருக்கத்தின் மீதுதான் சந்தேகம்.

2004 சுனாமிக்குப் பிறகு, அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ஆய்வுகள் வந்தன. அப்படியல்ல, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதுதான் காரணம் என்று அடுத்த வருடமே மறுப்பும் வந்தது. விவாதம் அடங்குவதற்குள் 'உயிர்க் கேடயம்' என்ற பெயரில் கரையெல்லாம் சவுக்கு நட்டாயிற்று. பல இடங்களில் மணல்மேட்டின் மேலேயே. மணல்மேடு என்ன சும்மா கிடக்கிற நிலமா? புயலில் கொஞ்சம் மணலை அலைக்கு விட்டுக்கொடுத்து, கடல் அடங்கிய மாதங்களில் திரும்ப வாங்கிக்கொள்கிற அரண் அது. அடும்பும் இராவணன் மீசையும் அந்த மணலைப் பிடித்துவைக்கின்றன. சவுக்குச் சருகு மூடினால் அவை எங்கே முளைக்கும்? ஆமைக்குத்தான் முட்டையிட இடம் ஏது? மரம் நடுவது புகைப்படத்துக்கு ஒத்துவரும். மணலைச் சும்மா விடுவது வராது.

பிச்சாவரம் வேறு மாதிரி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பட்டை பட்டையாக வெட்டப்பட்ட காடு அது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் வற்றி, உப்பு ஏறிப்போனது. கன்று நட்டாலும் பிழைக்காது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதம் வந்துபோக வழி விட்டார்கள். உப்பு இறங்கியது, காடு திரும்பியது. அதாவது முதலில் சரிசெய்தது மரத்தை அல்ல, தண்ணீரின் போக்குவரத்தை. கால்வாய் தூர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் ஊர்க்குழுக்களையும் பொறுப்பில் சேர்த்தார்கள்.

இதைக் கீழ்க்கட்டளையிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் இது கடலோரம்தான். எங்க ஏரி ரொம்பினா தண்ணி நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டு முகத்துவாரம். புயல் நேரத்தில் கடல்மட்டமும் உயர்ந்து நிற்கிறது. வெள்ளத்தை அது உடனே வாங்கிக்கொள்ளாது. எனவே தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும். சதுப்பு என்பது அந்தக் காத்திருப்புக்கான இடம். வடிகாலை எத்தனை அகலமாகக் கட்டினாலும் இந்த வேலையைச் செய்யாது.

ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில், 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். மீதியில் பெருங்குடிக் குப்பைமேடும் ஐ.டி. சாலையும் உட்கார்ந்தன. கடலோரப் பொறியியலை ஆராய்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகமும் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது! இவற்றுக்கு 'வளர்ச்சி' என்று பெயர். கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளுக்கு மட்டும் 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். வெள்ள ஆபத்து என்று சொல்லி அங்கிருந்து பெயர்த்தவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் எது? இதே வடிநிலத்துத் தாழ்நிலங்களான செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அவர்கள் மறுபடி தண்ணீரில் நின்றார்கள்.

இந்த வடிநிலத்திலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மழையைத் தானே குடித்துவிடும் மணலில் ஜெர்மன் வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் போட மாநகராட்சி திட்டமிட்டது. நிலத்தடி நீர் போய்விடும் என்று குடியிருப்போர் எதிர்த்தார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. சாலையோரத்துக்காரர்களுக்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வழியிருந்தது. பெரும்பாக்கத்துக்காரர்களிடம் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.