எம்.ஐ.ஏ.வின் ‘கலா’: நம்மூரு உறுமி உலக ஆல்பத்தில் ஏறியது எப்படி?

மாசி சிவராத்திரி வந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் யாருக்கும் தூக்கம் கிடையாது. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம், மேலூர் என எந்தப் பக்கம் போனாலும் குலதெய்வக் கோயில் வாசலில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். நள்ளிரவு தாண்டியதும் மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். தவில் ஒரு பக்கம், பம்பை ஒரு பக்கம். நடுவில் அடிவயிற்றிலிருந்து யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் எழும். அதுதான் உறுமி. அது ஏறினால்தான் சாமியாடிக்கு அருள் வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

இப்படியொரு ஊரில் வளர்ந்துவிட்டு, இப்போது சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலையில் இருக்கும் ஒருவர், கம்பெனி பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற ஆங்கிலப் பாட்டைப் போட்டால் நிமிர்ந்து உட்காருவார். “இது நம்மூரு மேளமாச்சே!”

ஆமாம், அதேதான். 2007 ஆகஸ்டில் வெளிவந்த ‘கலா’ ஆல்பத்தின் பாட்டு அது. பாடியவர் எம்.ஐ.ஏ. அவருடைய இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

யார் இந்த எம்.ஐ.ஏ.?

முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார். போர்ச் சூழலில் இடம்பெயர்ந்து கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்தார். 1980-களின் நடுவில் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே அம்மா தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு மாதங்கி வைத்த பெயர் ‘அருளர்’. இரண்டாவதற்கு அம்மா பெயர், ‘கலா’. அரசியலில் போன அப்பாவுக்கு ஒன்று, குடும்பத்தைக் கரைசேர்த்த அம்மாவுக்கு ஒன்று.

இரண்டாவது ஆல்பம் என்றால் ஏன் இவ்வளவு பதற்றம்?

முதல் ஆல்பத்தைச் செய்ய ஒரு கலைஞருக்கு இருபது, இருபத்தைந்து வருடம் கிடைக்கிறது. அதுவரை கேட்டது, பட்டது எல்லாம் அதில் இறங்கிவிடும். இரண்டாவதற்குக் கிடைப்பது இரண்டு, மூன்று வருடம்தான். எல்லார் கண்ணும் வேறு உன்மேல். புதுச் சத்தத்துக்கு எங்கே போவது?

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் ட்ரிப் ஹாப் குழுக்கள். 1990-களில் பிரிஸ்டல் நகரத்தில் உருவான இசை இது. ஹிப் ஹாப் தாளத்தை மெதுவாக்கி, அடியில் கனமான பேஸ் ஓடவிட்டு, மேலே பழைய ஜாஸ், சோல் ரெக்கார்டுகளின் துண்டுகளை ஒட்டினால் ட்ரிப் ஹாப். இதற்கு வேர், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ‘சவுண்ட் சிஸ்டம்’ பழக்கம். ஆள் உயர ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி ரெக்கார்டு போடுவார்கள். மதுரைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ரேடியோ செட் கட்டுவது.

அந்த மண்ணில் முளைத்த மாசிவ் அட்டாக் குழு, 1991-ல் ‘ப்ளூ லைன்ஸ்’ கொடுத்தது. இரண்டாவது ஆல்பமான ‘ப்ரொடெக்‌ஷன்’ 1994-ல் வந்தது. அதில் ட்ரேசி தோர்ன் போன்ற வெளிக்குரல்களை அழைத்து வந்து சத்தத்தை மாற்றினார்கள். போர்ட்டிஸ்ஹெட் குழு இன்னும் ஒருபடி மேலே போனது. 1994-ல் வந்த முதல் ஆல்பம் ‘டம்மி’ பெரிய ஹிட். குழுவின் பெயரையே தாங்கிய இரண்டாவது ஆல்பம் வர 1997 ஆகிவிட்டது. அடுத்தவர் ரெக்கார்டிலிருந்து துண்டு எடுப்பதைக் குறைத்து, தாங்களே வாசித்துப் பதிந்து, அதை வினைல் தட்டாக அழுத்தி, அந்தத் தட்டிலிருந்து மறுபடி துண்டு எடுத்தார்கள்.

‘கலா’ ட்ரிப் ஹாப் கிடையாது. அதன் வேகமே வேறு. ஆனால் அதே பிரிட்டன், குடியேறியவர்களின் அதே தெரு இசை, அதே இரண்டாவது ஆல்பக் கேள்விதான். மாதங்கியின் பதில் மட்டும் வேறு.

விசா கிடைக்கல, சென்னை கிடைச்சது

முதல் ஆல்பத்தின் பாட்டுகளை அவர் உருவாக்கத் தொடங்கியது ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரு சின்ன மெஷினில். அடுத்ததை அமெரிக்காவில், டிம்பலண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளரோடு செய்வதாகத் திட்டம். 2006-ல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. திட்டம் கவிழ்ந்தது.

சரி, உள்ளே விடாத நாட்டை விட்டுவிட்டு, விடுகிற நாடுகளுக்குப் போவோம் என்று கிளம்பினார். இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஆல்பம் ஊர் சுற்றியது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ஸ்விட்ச் கூட்டாளி. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானைச் சந்தித்தார். அப்போது இருவரும் சேர்ந்து பாட்டு எதுவும் அமையவில்லை. ஆனால் ரஹ்மானின் ஸ்டுடியோவும் அவர் காட்டிய இசைக்கலைஞர்களும் கிடைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மேளக்காரர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளில் அதிர்வது அந்த உறுமிதான்.

உறுமியில் அப்படி என்ன இருக்கு?

பெரும்பாலான தோல் கருவிகளில் அடித்ததும் சத்தம் வரும், உடனே அடங்கிவிடும். உறுமி அப்படியல்ல. உடுக்கை மாதிரி இடை சிறுத்த உடம்பு, ஆனால் அளவில் பெரிது. கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் உறுமும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி வழுக்கி ஏறும், இறங்கும்.

அதாவது ஒரே கருவியில் தாளமும் இருக்கிறது, இழுத்து நிற்கும் அடிநாதமும் இருக்கிறது. கிளப்பில் டிஜே சின்தசைசரில் வரவழைக்கிற வழுக்கும் பேஸ் போல, தேய்க்கிற குச்சி தோலிலேயே ஒன்றைக் கொண்டுவந்துவிடுகிறது. எலக்ட்ரானிக் பீட்டோடு அது ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டியது என்பதற்கு இதுதான் காரணம்.

உறுமி தென்தமிழ்நாட்டில் நையாண்டி மேளத்தின் உயிர். கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்தில் ‘தேவதுந்துபி’ என்ற பெயரில் வருவதும் இதுதான். தோட்டத் தொழிலுக்குப் போன தமிழர்களோடு கப்பலேறிய இந்த மேளம், மலேசியாவில் இன்று தைப்பூசக் காவடிக்கு இளைஞர் குழுக்கள் அடிக்கும் ‘உறுமி மேளம்’ ஆகிவிட்டது.

தளபதி முதல் டிஸ்கோ டான்சர் வரை

மேளக்காரர்களைப் பதிவு செய்தது ஒரு வழி. இன்னொரு வழி சாம்பிள், அதாவது ஏற்கெனவே வந்த பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுப்பது.

ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பாம்பூ பங்கா’. அதில் கேட்பது 1991-ல் வந்த ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ துண்டு. இசை இளையராஜா. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவரின் பொங்கல் பாட்டு, லண்டன் ஆல்பத்தின் வாசற்கதவைத் திறக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் இருப்பது 2003-ல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டு. இசை ஆர்.பி.பட்நாயக். ‘ஜிம்மி’ பாட்டு, 1982-ல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்காக பப்பி லஹிரி போட்டதன் மறுவடிவம்.

ஆல்பத்தின் பெரிய ஹிட் ‘பேப்பர் ப்ளேன்ஸ்’. விசா வரிசையில் நிற்கும் குடியேறிகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களைக் கிண்டலடிக்கும் பாட்டு. அதன் அடித்தளம், ‘தி க்ளாஷ்’ குழு 1982-ல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. 2008-ல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4-வது இடம்வரை ஏறி, கிராமி பரிந்துரையும் பெற்றது. எந்த நாடு விசா மறுத்ததோ, அதே நாட்டில்!

ரஹ்மானோடு அன்று அமையாத பாட்டும் அதே படத்தில் அமைந்தது. ‘ஓ… சாயா’ 2009-ல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

சரி, மேளம் அடிச்சவருக்கு என்ன கிடைக்கும்?

இதுதான் ‘கலா’வைக் கேட்கும்போது எழ வேண்டிய கேள்வி. எம்.ஐ.ஏ.வுக்கு மட்டுமானதல்ல, சினிமா பாட்டு முதல் இன்ஸ்டா ரீல்ஸ் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சினிமா பாட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தால் இரண்டு உரிமைகள் குறுக்கே வரும். ஒன்று மெட்டுக்கு, இன்னொன்று ஒலிப்பதிவுக்கு. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். மெட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது காகிதத்தில் இருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக வரும் உறுமி அடிக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. அது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அந்தத் தாளத்தை எடுக்கலாம். ஆனால் அதை வாசித்த ஆளுக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1994 திருத்தம் ‘நிகழ்த்துபவர் உரிமை’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடி, பாம்பாட்டிவரை சட்டமே பட்டியல் போடுகிறது. வாசித்ததை அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது. இந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். 2012 திருத்தம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. வணிகரீதியாகப் பயன்படுத்தினால் நிகழ்த்தியவருக்கு ராயல்டி, நிகழ்த்தியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை.

சட்டம் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது வேறு. “ஒரு நாள் ரெக்கார்டிங், இவ்வளவு சம்பளம், சாப்பாடு உண்டு” என்று கூட்டிப் போவார்கள். வாசித்துவிட்டு வருவார்கள். காகிதம் எதுவும் இருக்காது. பாட்டு உலகம் சுற்றும்போது “இதுல வாசிச்சது நான்தான்” என்று சொல்ல வாய் மட்டுமே மிச்சம்.

இதைத் தவிர்க்கப் பெரிய வக்கீல் தேவையில்லை. ரெக்கார்டிங்குக்குப் போகும் குழு, ஒரு பக்கத் தாளில் நான்கு விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்கினாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. வாசித்தவர்கள் பெயர், தேதி, சம்பளம், எந்தப் பாட்டுக்கு எந்தப் பயன்பாடு.

நீங்க என்ன செய்யலாம்?

மேளக்காரர்களுக்கு மரியாதை மெல்ல வந்துகொண்டிருக்கிறது. அலங்காநல்லூர் பறை ஆசான் வேலுவுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் விருது ஒருவருக்குத்தான் போகும். கிரெடிட் வாசித்த எல்லாருக்கும் போகலாம்.

‘கலா’வைக் கேட்கத் தொடங்கினால் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’, ‘பாம்பூ பங்கா’ என்ற வரிசையில் கேளுங்கள். கேட்கும்போதே ஆப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு, கிரெடிட்ஸ் பகுதியில் யார் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். அடுத்த மாசிக்கு ஊருக்குப் போனால் எப்படியும் போனைத் தூக்கி வீடியோ எடுப்பீர்கள். மேளம் முடிந்ததும் அந்த உறுமிக்காரரிடம் போய், “அண்ணே, உங்க பேரு என்ன, எந்த ஊரு குழு?” என்று கேளுங்கள். கேப்ஷனில் முதல் வரியாக அதைப் போடுங்கள். நாளைக்கு அந்த வீடியோவிலிருந்து எவராவது நாலு நொடி வெட்டி எடுத்தாலும், அது யார் கை என்று தெரிந்திருக்கும்.