யாரைக் காக்கிறது பணிப் பாதுகாப்பு?

1995 ஜனவரி 11. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி என்ற அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் அவசரமாகக் கூடினார்கள். மறுநாள் இரண்டு வயதுகூட நிரம்பாத ஓர் ஆண் குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இடம் மாறியிருந்தன. அவற்றை வெட்டி, உரிய இடத்தில் பொருத்த வேண்டும். அங்கே இந்த அறுவை சிகிச்சைக்குப் போகும் குழந்தைகள் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்ற பேச்சு லண்டனின் சுகாதாரத் துறை அலுவலகம்வரை எட்டியிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்களில் ஒரே ஒருவர் வேண்டாம் என்றார். அவர் மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின். சுகாதாரத் துறையின் மருத்துவ அதிகாரி ஒருவரும் மருத்துவமனையின் தலைமை நிர்வாகியை எச்சரித்தார். ஆனாலும் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை அறுவை மேசையிலேயே இறந்துபோனது.

போல்சின் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கத் தொடங்கியிருந்தார். 1988இல் பணியில் சேர்ந்த அவர், குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் இங்கே மட்டும் ஏன் இவ்வளவு நீளுகின்றன என்று கவனித்தார். 1990இல் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸுக்குக் கடிதம் எழுதினார். பலனாகக் கிடைத்தது கண்டிப்புதான். புகாருக்கு உள்ளான மூத்த அறுவை நிபுணர் ஜேம்ஸ் விஷார்ட், பின்னாளில் அதே மருத்துவமனையின் மருத்துவ இயக்குநராகவும் ஆனார். அதாவது, புகார் சொல்ல வேண்டிய கதவுக்குப் பின்னால் புகாருக்கு உரியவரே உட்கார்ந்திருந்தார்.

2001 ஜூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், வேறு மருத்துவமனைகளின் நிலவரத்தோடு ஒப்பிட்டால் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்றது. போல்சினுக்கு பிரிட்டனில் தொழில் செய்ய வழியில்லாமல் போயிற்று. அவர் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

அரசு மருத்துவமனைகளில் ஊழியருக்குப் பணிப் பாதுகாப்பு அதிகமா குறைவா என்று விவாதிப்பவர்கள் பிரிஸ்டலை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே கட்டடத்தில், ஒரே காலத்தில், குறை சொல்லப்பட்டவருக்குப் பாதுகாப்பு இருந்தது. குறையைச் சொன்னவருக்கு இல்லை. கூட்டுவதா குறைப்பதா என்பதைவிட, எதற்குப் பாதுகாப்பு தருகிறோம் என்பதே முக்கியமான கேள்வி. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., இந்தக் கேள்விக்குப் பதில் தேடி முப்பது ஆண்டுகளாகத் தடுமாறி வருகிறது. அந்தத் தடுமாற்றத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வீட்டில் உட்கார வைத்துச் சம்பளம்

அரசு வேலையை எளிதில் பறிக்க முடியாது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மேலதிகாரியின் கோபத்துக்கும் அரசியல் அழுத்தத்துக்கும் ஆளாகாமல் ஒரு டாக்டரோ நர்ஸோ வேலை பார்க்க வேண்டும். பிரிட்டனில் மூத்த டாக்டர்களுக்கு இந்த உரிமை உச்சத்தில் இருந்தது. அவர்களுடைய பழைய பணி ஒப்பந்தத்தின் 190ஆவது பத்தியின்படி, பணிநீக்கம் நியாயமற்றது என்று கருதினால் நேரடியாகச் சுகாதார அமைச்சரிடமே முறையிடலாம்.

இதனால் நிர்வாகங்கள் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தன. நீக்குவது கடினம் என்பதால், சஸ்பெண்ட் செய்து முழுச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். விசாரணை ஆமை வேகத்தில் நகரும். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2003இல் இதைக் கணக்கெடுத்தது. 2001 ஏப்ரல் முதல் 2002 ஜூலை வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் டாக்டர்கள் வெளியே இருந்த காலம் சராசரியாக 47 வாரம்.

இதில் யாருக்கு லாபம்? தவறு செய்யாதவர் ஓர் ஆண்டு கத்தியைத் தொடாமல் கைப்பழக்கத்தை இழந்தார். தவறு செய்தவர் மீது முடிவே வரவில்லை. நோயாளிக்கு ஒரு டாக்டர் குறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் விதிகள் மாற்றப்பட்டன. ஒதுக்கி வைப்பதாக இருந்தால் ஒரு தடவைக்கு நான்கு வாரம்தான். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் காரணத்தை மறுபடி ஆராய வேண்டும். முழுவதுமாக வெளியே அனுப்புவதற்கு முன், குறிப்பிட்ட சிகிச்சையை மட்டும் நிறுத்தி வைக்கலாமா, மேற்பார்வையில் பணி தரலாமா என்று பார்க்க வேண்டும். அமைச்சரிடம் முறையிடும் சலுகையும் போனது.

லெஸ்டரில் ஒரு நாள்

பாதுகாப்பு குறைந்தால் நோயாளிக்கு நல்லது என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால், 2011 பிப்ரவரி 18 அன்று லெஸ்டர் ராயல் இன்ஃபர்மரியில் நடந்ததை அவர்கள் படிக்க வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆறு வயதுச் சிறுவன் வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்பட்டான். அவனைப் பார்த்தவர் ஹதீஸா பாவா-கார்பா. குழந்தை மருத்துவத்தில் மேற்பயிற்சியில் இருந்தவர். ஓராண்டுக்கும் மேலான பிரசவ விடுப்பு முடிந்து அண்மையில்தான் திரும்பியிருந்தார். அன்று உடனிருக்க வேண்டிய இன்னொரு டாக்டர் வரவில்லை. மேற்பார்வையிட வேண்டிய மூத்த டாக்டர் வேறு ஊரில் வகுப்பெடுக்கப் போயிருந்தார். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பல மணி நேரம் முடங்கியதால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. பல வார்டுகளின் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. சிறுவனின் எக்ஸ்ரே தயாராகி வெகுநேரம் கழித்தே அவர் பார்வைக்கு வந்தது. நிமோனியா ரத்தத்தில் நச்சாகப் பரவி, அன்றிரவே சிறுவன் இறந்தான்.

பாவா-கார்பா தவறு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நோயின் தீவிரத்தை அவர் புரிந்துகொள்ளவில்லை. சிறுவனின் உயிரைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, உயிர்மீட்புச் சிகிச்சை தர வேண்டாம் என்று குறிக்கப்பட்ட வேறொரு குழந்தை என்று நினைத்து அதைச் சிறிது நேரம் நிறுத்தச் சொன்னார். மரணத்துக்கு அது காரணமல்ல என்று பின்னர் ஏற்கப்பட்டாலும், பெற்ற தாயின் நெஞ்சு அதை எப்படித் தாங்கும்?

2015இல் அவர் மீதும் ஒரு நர்ஸ் மீதும் கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மருத்துவத் தீர்ப்பாயம் 2017இல், மருத்துவமனையின் குறைகளையும் கணக்கில் எடுத்து, ஓராண்டு மட்டும் பதிவை நிறுத்தி வைத்தது. டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அது போதாது என்று உயர் நீதிமன்றம் போனது. 2018 ஜனவரியில் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

பிரிட்டன் முழுக்க டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். அவருடைய வழக்குச் செலவுக்குப் பணம் குவிந்தது. அதைவிட முக்கியமான ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. பயிற்சி டாக்டர்கள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அலசிப் பார்க்கும் குறிப்பேடு அங்கே ஒரு கட்டாய வழக்கம். இனி அதில் உண்மையை எழுதினால் அதுவே தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று பலர் பயந்தார்கள். தவறு எழுதப்படாவிட்டால், அதே தவறு அடுத்த வார்டில் அடுத்த குழந்தைக்கு நடக்கும். 2018 ஆகஸ்ட் 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவு நீக்கத்தை ரத்து செய்தது.

பிரிட்டனுக்குப் போன நம்மவர்கள் இதை இன்னொரு கவலையோடும் பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பிளாப் தேர்வு எழுதிப் போன டாக்டர்கள் என்.எச்.எஸ். எங்கும் இருக்கிறார்கள். மெடிக்கல் கவுன்சில் கேட்டுப் பெற்ற 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, மருத்துவமனைகள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பும் விகிதம் வெள்ளையர் அல்லாத டாக்டர்கள் விஷயத்தில் இரு மடங்கு; வெளிநாட்டில் படித்தவர்கள் விஷயத்தில் இரண்டரை மடங்கு. புதிதாக வந்தவரை முறையாகப் பழக்காததும், அவரிடம் நேரில் குறை சொல்லத் தயங்கி நேரே புகாருக்குப் போவதும் காரணங்களில் அடக்கம். பணிப் பாதுகாப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை.

இரண்டு கேள்விகள் ஒன்றாகும்போது

செஸ்டர் நகர மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் 2015, 2016 ஆண்டுகளில் அடுத்தடுத்து குழந்தைகள் இறந்தபோது, அங்கிருந்த மூத்த டாக்டர்கள் நர்ஸ் லூசி லெட்பி மீது சந்தேகத்தை நிர்வாகத்திடம் சொன்னார்கள். 2016 கோடையில் அவர் வார்டிலிருந்து அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டார். அவர் ஊழியர் குறைதீர்ப்பு முறையின்கீழ் முறையிட்டார். அவருக்குச் சாதகமாக முடிவு வந்தது. சந்தேகம் எழுப்பிய டாக்டர்கள் அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விஷயம் போலீஸுக்குப் போனது 2017 மே மாதத்தில்தான்.

2023 ஆகஸ்டில் ஏழு குழந்தைகளைக் கொன்றதாகவும் வேறு ஆறு பேரைக் கொல்ல முயன்றதாகவும் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2025 பிப்ரவரியில் பல நாட்டு நிபுணர்கள் குழு, கொலைக்கு மருத்துவ ஆதாரமே இல்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்கியது. எது உண்மையானாலும் நிர்வாகத்தின் பிழை மாறாது. ‘குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள்?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த ஊழியர் கௌரவமாக நடத்தப்பட்டாரா?’ என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குக் கிடைத்த விடையை முதல் கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொண்டார்கள். முதல் கேள்வியை மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்கள் உடனே விசாரித்திருந்தால் பெற்றோருக்கும் பயன், அந்த நர்ஸ் நிரபராதி என்றால் அவருக்கும் பயன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு துயரம் உண்டு. லண்டன் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டு, மேல்முறையீட்டு விசாரணைக்குச் சில நாள் முன்னதாக 2016 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை நடத்திய விதம் நியாயமற்றது என்று சுயேச்சை விசாரணை கண்டது. 2019 மே மாதத்தில் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் புதிய அறிவுறுத்தல் போனது. முறையான நடவடிக்கை உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசியுங்கள். விசாரிப்பவர் பயிற்சி பெற்றவராக, சார்பற்றவராக இருக்கட்டும். விசாரிக்கப்படுபவரின் மனநலத்தைக் கவனியுங்கள் என்பது அதன் சாரம்.

ஐந்து கேள்விகள்

இப்போது என்.எச்.எஸ். மேலாளர்கள் கையில் ஒரு சிறு வழிகாட்டி இருக்கிறது. நோயாளிக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், ஊழியர் மீது பாய்வதற்கு முன் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். தீங்கு செய்யும் எண்ணம் இருந்ததா? உடல்நலமோ மனநலமோ போதையோ காரணமா? தெளிவான, நடைமுறைக்கு ஒத்துவரும் விதி இருந்து, தெரிந்தே மீறினாரா? அதே படிப்பும் அனுபவமும் உள்ள வேறொருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் அதையே செய்திருப்பாரா? வேறு சூழ்நிலைக் காரணங்கள் உண்டா?

நான்காவது கேள்விதான் பெரும்பாலான நேரம் உண்மையை வெளியே கொண்டுவரும். இரண்டு மருந்துகளின் குப்பிகள் ஒரே நிறத்தில், ஒரே அலமாரியில் இருந்தால், இரவு மூன்று மணிக்கு யார் கையும் தவறான குப்பியை எடுக்கும். அந்த நர்ஸை அனுப்பிவிட்டாலும் அலமாரி அப்படியேதான் இருக்கும். வேண்டுமென்று செய்தவர், எச்சரித்தும் திருந்தாதவர், பதிவேட்டைத் திருத்தி மறைத்தவர் ஆகியோருக்கு இந்தக் கேள்விகள் தப்பிக்க வழி தருவதில்லை. நோயாளிக்கு உடனடி ஆபத்து என்றால் அன்றைக்கே அவரைப் பணியிலிருந்து விலக்கி வைக்கலாம். அது தண்டனை அல்ல என்பதைச் சொல்லி, சீக்கிரம் விசாரித்து முடிக்க வேண்டும். லிவர்பூல் பகுதியின் மெர்சி கேர் என்ற மனநலச் சேவை நிறுவனம், யார் குற்றவாளி என்பதற்கு முன் யாருக்குப் பாதிப்பு, அவருக்கு என்ன தேவை என்று கேட்கத் தொடங்கியது. ஒழுங்கு நடவடிக்கைகள் அங்கே பெருமளவு குறைந்தன.

நோயாளியின் குடும்பத்துக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2021இல் லண்டனில் 13 வயது மார்த்தா மில்ஸ் ரத்தத்தில் நச்சு பரவி இறந்தாள். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னதை டாக்டர்கள் காதில் வாங்கவில்லை. அவள் பெயரில் வந்த விதிப்படி, 2024 முதல் பல மருத்துவமனைகளில் குடும்பத்தினர் தங்களைப் பார்க்கும் டாக்டரைத் தாண்டி, தீவிர சிகிச்சைக் குழுவை அழைத்து மறுபார்வை கேட்கலாம். இளநிலை நர்ஸும் கேட்கலாம். மூத்த டாக்டரை எதிர்த்துப் புகார் எழுத வேண்டியதில்லை. ஒரு போன் போதும்.

அடைபடாத ஓட்டை

போல்சினுக்கு நேர்ந்தது இனி நேரக்கூடாது என்ற எண்ணம் வலுத்திருந்த காலத்தில், 1998இல் தவறுகளை வெளியே சொல்பவர்களைக் காக்கும் சட்டம் வந்தது. ஆனால் அதில் நிவாரணம் பெரும்பாலும் வேலை போன பிறகு, தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்காடித்தான் கிடைக்கும். மருத்துவமனையின் வக்கீல் செலவை அரசுப் பணம் ஏற்கும். நர்ஸின் செலவை நர்ஸ்தான் ஏற்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை நிர்வாகிகள் பக்கம். 1998இல் பிரிஸ்டல் விவகாரத்துக்காக ராய்லன்ஸின் பெயரை மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அது முடிந்ததற்கு ஒரே காரணம் அவர் டாக்டராகவும் இருந்ததுதான். டாக்டர் பட்டம் இல்லாத நிர்வாகியை நீக்க அப்படியொரு பதிவேடே இல்லை. எச்சரிக்கையை அமுக்கியவர் ஒரு மருத்துவமனையிலிருந்து விலகி இன்னொன்றில் பொறுப்பேற்கத் தடையில்லை. பொறுப்புக்குத் தகாத இயக்குநர்களை விலக்கி வைக்கும் அமைப்பு வேண்டும் என்று 2019இலேயே வழக்கறிஞர் டாம் கார்க் பரிந்துரைத்தார். செஸ்டர் தீர்ப்புக்குப் பிறகே அந்தப் பேச்சு வேகம் பிடித்தது. புகார் சொல்பவரின் வாயை அடைக்கும் நிர்வாகிகளை என்.எச்.எஸ்.ஸின் உயர் பதவிகளிலிருந்து தடை செய்யச் சட்டம் கொண்டுவருவதாக பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது.

அந்தச் சட்டம் எழுதப்படும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மருத்துவமனையில் மரணம் நிகழ்ந்தது என்பதற்காகவே நிர்வாகியின் பதவி போகும் என்றால், லெஸ்டருக்குப் பிறகு பயிற்சி டாக்டர்கள் எழுதத் தயங்கியதுபோல நிர்வாகிகளும் மறைக்கவே முயல்வார்கள். தடை விழ வேண்டியது தவறு நடந்த மருத்துவமனையை நடத்தியவர் மீதல்ல. தவறைச் சொன்னவரை அடக்கியவர் மீது. அதை முடிவு செய்யும்போது, ஒரு வார்டு நர்ஸிடம் கேட்கப்படும் அதே ஐந்து கேள்விகளை நிர்வாகியிடமும் கேட்பதற்கு இடம் இருக்க வேண்டும்.