தகவல் காக்கும் வட்டுத் தொகுதிகள்

பெங்களூரில் ஈஜிபுராவை அடுத்த கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிலையம் அமைந்துள்ளது. அதனைச் சேர்ந்த கோடைக்கானல் வானாய்வகம் 1904-ஆம் ஆண்டு முதல் சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் அங்கேதான். அப்பழைய படங்கள் இப்பொழுது கணிப்பொறி வடிவில் மாற்றப்பட்டுள்ளன. பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட சதுரப் படம் ஒன்று, புள்ளிக்கு 2 பைட் வீதம், சுமார் 3.36 கோடி பைட் இடம் கொள்ளும். இத்தகைய 30,000 படங்கள் ஒரு டெராபைட்டை நிரப்பிவிடும்.

சென்றுபோன நாளின் சூரியனை மீண்டும் படம்பிடிக்க இயலாது. வட்டோ, என்றேனும் ஒரு நாள் பழுதுறுவது திண்ணம். ஆகவே பல வட்டுகளை ஒன்றாய் இணைத்துத் தகவலைக் காக்கும் 'ரெய்ட்' முறையை 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வகைப்படுத்தி விளக்கினர்.

நம்மிடம் 4 டெராபைட் வட்டுகள் நான்கு உள்ளன எனக் கொள்வோம். பூஜ்ய முறையில் 16 டெராபைட்டும் கிட்டும், வேகமும் மிகும். ஆயின் ஒரு வட்டு கெட்டால் அனைத்தும் நாசமாகும். ஐந்தாம் முறையில் 12 டெராபைட் கிட்டும். ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். இதன் தத்துவத்தை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே காட்டலாம். மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 எனும் இலக்கங்கள் உள்ளன. ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாதலின், நான்காவதில் சரிபார்ப்பு இலக்கமாக 0 எழுதப்படுகிறது. இரண்டாவதை அழித்துவிட்டாலும், இரட்டைப்படை குலையாதிருக்க அங்கு 0-தான் இருந்திருத்தல் வேண்டும் என்பது விளங்கும்.

ஆறாம் முறையிலும் பத்தாம் முறையிலும் கிட்டுவது 8 டெராபைட்டே. ஆறாம் முறை எந்த இரு வட்டுகள் கெட்டாலும் தாங்கும். பத்தாம் முறையில் வட்டுகள் இரண்டிரண்டாக இணைந்து ஒன்றுக்கொன்று பிரதியாக நிற்கும். ஒரே இணையின் இரண்டும் கெட்டால் மீட்சியில்லை. எனினும் எழுதும் வேலையில் இது விரைவானது. ஒரு சிறு திருத்தத்திற்கு இதில் இருமுறை எழுதினால் போதும். ஐந்தாம் முறையிலோ இருமுறை படித்து, இருமுறை எழுத நேரும்.

கெட்ட வட்டுக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தினால், விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரம்பினும் 7 மணி நேரத்திற்கு மேலாகும். அவ்விடைவேளையில் ஐந்தாம் முறைக்கு வேறு காப்பில்லை. ஆதலால் பெரிய வட்டுகளுக்கு அம்முறை உகந்ததன்று. எழுதிவைத்துப் பெரும்பாலும் படிக்கவே பயன்படும் சேமிப்புக்கு ஆறாம் முறையும், இடைவிடாது திருத்தப்படும் பதிவேடுகளுக்குப் பத்தாம் முறையும் பொருந்தும். இரண்டே வட்டுகள் உள்ள பள்ளிக்கும் களநிலையத்திற்கும், ஒன்றின் பிரதியாக மற்றொன்றை வைக்கும் முதலாம் முறையே போதும்.

இவற்றில் எதுவும் தனிப்பிரதிக்கு ஈடாகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலும் ஒருசேர அழியும். தீயும் திருட்டும் தொகுதி முழுவதையும் கொண்டுபோகும். எனவே மற்றொரு பிரதியை வேறொரு கட்டிடத்தில் வைத்து, அது திறந்து படிக்கத்தக்கதாக உள்ளதா என அவ்வப்போது சோதித்தல் இன்றியமையாததாகும்.