வன்னித் தேர்தல் மாவட்டமும் உங்கள் வாக்கும்

சொந்தக் காணிக்குத் திரும்பும் உங்களுக்கு வீடு, கிணறு, தொழில் என்று ஆயிரம் வேலைகள் இருக்கும். அவற்றோடு வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்களும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சியும் வன்னி மண்தான். ஆனால் தேர்தலில் அது யாழ்ப்பாணத்தோடு சேர்கிறது.

மக்கள்: 2012 குடிசன மதிப்பீட்டின்படி வவுனியாவில் ஏறத்தாழ 172,000 பேரும், மன்னாரில் 99,500 பேரும், முல்லைத்தீவில் 92,000 பேரும் வாழ்ந்தனர். தமிழர் பெரும்பான்மையினர், முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் புத்தளத்திலிருந்து திரும்பி வருகின்றன.

தொழில்: கட்டுக்கரைக்குளம், பாவற்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் ஆகியவற்றின் கீழ் நெற்செய்கை நடக்கிறது. மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் கடற்றொழிலே பிழைப்பு. ஏ9 வீதியும் புகையிரதப் பாதையும் செல்லும் வவுனியா நகரம் வியாபார மையம்.

பிரதிநிதிகள்: வன்னியிலிருந்து 6 பேர் பாராளுமன்றம் செல்கின்றனர். ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ வாக்களித்தபின், அதே பட்டியலில் 3 பேர் வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம்.

ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனங்கள் என்பது, அங்கு வாழ்வோரின் தொகையை அல்ல, இடாப்பில் உள்ள பெயர்களின் தொகையைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் 9 உறுப்பினர்களைத் தெரிவு செய்தது. இடாப்பில் பெயர்கள் குறைந்ததால் 2015இல் 7 பேரையே தெரிவு செய்ய முடிந்தது.

இடாப்பு தேர்தலுக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வதிவிடத்துக்குச் சான்றாக அதையே கேட்பார்கள்.

நீங்கள் செய்யவேண்டியவை:

• முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது செய்த பதிவு தானாக ஊருக்கு மாறாது. திரும்பியதும் கிராம அலுவலரிடம் அறிவியுங்கள்.

• ஆண்டுதோறும் வரும் கணக்கெடுப்புப் படிவத்தில், 18 வயது நிறைந்த எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளையையும் வயதான அம்மாவையும் மறந்துவிடாதீர்கள்.

• ஒருவர் ஓரிடத்தில் மட்டுமே பதியலாம்.

• திருத்தப்பட்ட பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும்போது நேரில் சென்று பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் உரிய காலத்துக்குள் கோரிக்கை கொடுங்கள்.

கணவரை இழந்த பெண்களே, உங்கள் வீட்டுப் படிவத்தை நீங்களே நிரப்பிக் கையொப்பமிடலாம். அதற்கு வேறொருவரைத் தேடவேண்டியதில்லை.