கடைமடைக்காரரின் நாணயம்

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பிரதேசத்திலுள்ள கீழ்வேளூரில், சென்ற தை மாதம், சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டைகளுக்குக் காவலாக அமர்ந்திருந்த ஒரு விவசாயி, எனக்குப் பெரியப்பா முறையுள்ளவர், தம் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி, எங்கிட்ட என்ன இருக்குன்னு இதுக்குள்ள பூந்தான்? பேங்க்குல மூவாயிரம் ரூவாகூட இல்ல. பட்டணத்துல எத்தன பெரிய மனுஷங்க இருக்காங்க!"

நடந்தது இதுதான். முந்திய நாள் மாலை, அவருடைய சம்பந்தியின் எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. தமக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் தவறுதலாக அவருடைய கைப்பேசிக்குப் போய்விட்டதென்றும், அதைப் பார்த்து அனுப்பினால் பெரிய உபகாரமாக இருக்குமென்றும் அதில் கண்டிருந்தது. சம்பந்தி கேட்டதை மறுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை, அனுப்பினார். அந்த ஆறு இலக்கங்களே அவருடைய கணக்கை வேறொருவன் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுக்கும் அனுமதி என்பதையும், சம்பந்தியின் கணக்கு அதற்கு முதல் நாளே இதே உபாயத்தால் பறிபோயிருந்தது என்பதையும் அவர் எப்படி அறிவார்? இரவு ஒன்பது மணிக்குள், அவர் பெயரோடும் படத்தோடும், சிங்கப்பூரிலுள்ள தம்பி மகனுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருபதாயிரம் ரூபாய் அவசரம் என்று செய்தி போயிற்று. கேட்டவர் பெரியப்பா என்பதால், காரணம் விசாரிப்பதே மரியாதைக் குறைவென்று எண்ணி, அந்தப் பிள்ளை உடனே பணத்தை அனுப்பிவிட்டான். பெரியப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்த சொற்பப் பணத்தை எவரும் தொடவேயில்லை.

கையில் புழங்கும் காசையும் நாணயம் என்கிறோம்; சொன்ன சொல் தவறாத குணத்தையும் நாணயம் என்கிறோம். சாமானிய மனிதர்களின் கணக்குகளை உடைக்க முயல்கிறவர்கள் காசைத் தேடி வருகிறார்கள் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்க, அவர்கள் பெரும்பாலும் அள்ளிக்கொண்டு போவது மற்றதைத்தான். அறுபது வருஷ காலம், வாங்கிய கடனைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுத்து, கொடுத்த வாக்கை மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவிலே காப்பாற்றி, உறவினர் மத்தியில் அவர் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கை, தன் சொந்தப் பெயரால் பத்து ரூபாய் கைமாற்று வாங்க வக்கற்ற ஒருவனுக்கு ஒரே இரவில் முதலீடாகிவிட்டது.

இதற்கு உலகப் பிரசித்தமான பூர்வகதை ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் மணிலாவிலிருந்து கிளம்பியது. அதைத் திறந்தவர்களின் கணினியில் இருந்த முகவரிப் புத்தகத்தை அது வாசித்து, அதில் கண்ட ஒவ்வொருவருக்கும், திறந்தவர் பெயராலேயே மறுபடி புறப்பட்டுப் போயிற்று. தெரிந்தவர் அனுப்பியது என்ற ஒரே காரணத்தால் அவர்களும் திறந்தார்கள். சில தினங்களுக்குள் உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் அதன் வசமாயின. இதைச் செய்த ஓனெல் டி குஸ்மான் என்பவர் அப்போது மணிலாவில் கணினி படித்துக்கொண்டிருந்த மாணவர். இணையத்துக்குக் கட்டணம் செலுத்த வசதியில்லாமையால், பிறருடைய கடவுச்சொற்களைத் திருடி அவற்றைக்கொண்டு இணையத்தில் நுழைவதே தம் நோக்கமாக இருந்ததென்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்துக்குப் பொருந்தும் சட்டம் அன்று அந்த நாட்டில் இல்லாததால் வழக்கு நிலைக்கவில்லை. காரியத்தின் பிரம்மாண்டத்தோடு நோக்கத்தின் சிறுமையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் துணுக்குறுகிறது.

தூர தேசத்துக் கதை வேண்டாமென்றால், நம் மாநிலத்து விவசாயிகள் பெயராலேயே நடந்ததைச் சொல்லலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக நேரே விவசாயியின் வங்கிக் கணக்கில் சேர்க்கும் பிரதமர் கிசான் திட்டத்தில், 2020-இல், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில், தகுதியற்ற பெயர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போய்விட்டதென்று சர்க்காரே அறிவித்தது, சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரணையை ஏற்றார்கள். பூட்டை எவரும் உடைக்கவில்லை. விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்குரிய கடவுச்சொற்கள் தரகர் கைக்குப் போயிருந்தன. அதிகாரியின் ஒப்பம் என்று எண்ணிக் கணினி கதவைத் திறந்துவிட்டது. தரகர்கள் கேட்டபோது ஆதார் நகலையும் கணக்கு எண்ணையும் கொடுத்த ஏழை ஜனங்களிடமிருந்து, வந்த தொகை பிற்பாடு திரும்ப வசூலிக்கப்பட்டது.

என் பாட்டனார் காலத்தில், களத்தில் பொலி தூற்றிக் குவித்த நெல்லின்மேல் இரவு சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறியிட்டுவிட்டு வருவார்கள். விடிந்ததும் குறி கலைந்திருந்தால் கை வைத்தவன் உண்டென்று தெரிந்துவிடும். கடவுச்சொல் களவில் குறி கலைவதில்லை. எடுத்தவனிடம் ஒரு பிரதி இருக்கும். உரியவரிடமும் அது அப்படியே இருக்கும். குறைவு காணாததால் உரியவருக்குச் சந்தேகமும் எழாது. 2012-இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து பறிபோன கடவுச்சொற்கள் சுமார் 65 லட்சம் என்றே முதலில் கருதப்பட, 11 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் நான்கு வருஷம் கழித்து விற்பனைக்கு வந்தபோதுதான் களவின் முழு அளவு வெளிப்பட்டது. அதே 2012-இல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரது கணக்கு திறக்கப்பட்டதும், வேறொரு தளத்திலிருந்து களவுபோன கடவுச்சொல்லைக்கொண்டுதான். ஓரிடத்தில் எடுத்த பெயரையும் சொல்லையும் ஆயிரம் இடங்களில் பொருத்திப் பார்க்கும் வேலையை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. நாகப்பட்டினத்துக் கடலில் வலை வீசுகிறவர் எந்த மீன் என்று பெயர் சொல்லி வீசுவதில்லை. பெரியப்பா கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது.

மறுபாதி, அவர் உபயோகமற்றதென்று நினைக்கும் அந்த வங்கிக் கணக்கைப் பற்றியது. திருடிய பணம் திருடனுடைய கணக்குக்கு நேரே போவதில்லை. பல கணக்குகளின் வழியே, வாய்க்காலுக்கு வாய்க்கால் திருப்பிவிட்ட தண்ணீர்போல் ஓடி மறைகிறது. அதற்கு வேண்டியது, எந்த வழக்கிலும் பெயர் அடிபடாத, நேர்மையான மனிதரின் கணக்கு. மாதம் சில ஆயிரம் தருகிறோம், கணக்கை மட்டும் கொடுங்கள் என்று கிராமத்துப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். போலீஸ் வரும்போது முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வாசலில். வலையின் மறுமுனையில் இருப்பவனும் சில சமயம் நம்மவனே என்பது இன்னும் வேதனை தருவது: தாய்லாந்தில் கணினி உத்தியோகம் என்று நம்பிப்போய், மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ் இளைஞர்கள் பதின்மூன்று பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். கடல் கடந்து பிழைக்கப் போவது நம் டெல்டா ஜனங்களுக்குப் புதிதல்லவே.

பெரியப்பாவின் வாட்ஸ்ஆப் கணக்கை மீட்பதற்கு ஏழு நாள் ஆயிற்று. புகுந்தவன் ஒரு ரகசிய எண்ணையும் இட்டுவைத்துவிட்டதால், அது தெரியாத உரியவர் அத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென்பது வாட்ஸ்ஆப்பின் ஏற்பாடு. அந்த எண்ணை நாமே முன்கூட்டி இட்டிருந்தால் ஆறு இலக்கம் தெரிந்தாலும் அவன் உள்ளே வந்திருக்க முடியாது. இணைய மோசடிகளைத் தெரிவிப்பதற்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் அடுத்த கணக்குக்கு ஓடுமுன் அதை நிறுத்திவைக்க முயன்றிருப்பார்கள். இரண்டு நாள் தாமதித்தோம். வங்கிப் பணமே போகும்போது இந்தத் தாமதம் இன்னும் கொடியது; வாடிக்கையாளர் தம் ரகசிய எண்ணைத் தாமே கொடுத்திருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரையிலான நஷ்டம் அவரையே சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறியது.

அந்த ஏழு நாளும், பெரியப்பா ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் தாமே பேசி, அது தாம் கேட்டதல்ல என்று சொல்லி, சொன்ன பெயர்களுக்கு நேரே கோடிட்டுக்கொண்டு வந்தார். நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறிய மறுநாள், இருபதாயிரத்தைச் சிங்கப்பூர்ப் பிள்ளையின் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் வேண்டவே வேண்டாமென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எம் பேர்ல கேட்டிருக்கான்ல தங்கச்சி, நாந்தான் குடுக்கணும்" என்று, பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பெரியப்பா திரும்பிவிட்டார்.