லாங்ஆர்ம் ஊசி: 0.1 மில்லிமீட்டரின் கணக்கு

லாங்ஆர்ம் குவில்ட் இயந்திரத்தில், கீழே சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்கின் முனை ஊசியைக் கடக்கும்போது இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.05 முதல் 0.10 மி.மீ. ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரண ஏ4 தாளின் கனம் 0.1 மி.மீ. தையல் விட்டுப்போவது, நூல் பிசிறி அறுவது, ஊசி முறிவது ஆகிய மூன்று தொல்லைகளும் பெரும்பாலும் இந்த ஒரு தாள் கனத்துக்குள்தான் தொடங்குகின்றன.

தொழிற்சாலைகளின் சாதாரண லாக்ஸ்டிச் இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடும். லாங்ஆர்ம் இயந்திரங்கள் பலவற்றின் உச்ச வேகம் 1,800 முதல் 3,000 வரைதான். வேகம் குறைவு, ஆனால் ஊசிக்கு வேலை கடினம். சாதாரண இயந்திரத்தில் ஊசி துணியை விட்டு மேலேறிய பிறகே பல்தட்டு துணியை நகர்த்தும். லாங்ஆர்மில் மேல்துணி, பஞ்சடுக்கு, அடித்துணி மூன்றும் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு நிற்கின்றன. தலைப்பகுதி தண்டவாளத்தில் இடைவிடாமல் ஓடுகிறது. ஊசி துணிக்குள் இருக்கும்போதும் அது நிற்பதில்லை.

இந்த நகர்வை அளந்து பார்க்கலாம். அங்குலத்துக்கு 10 தையல் என்றால் ஒரு தையலின் நீளம் 2.54 மி.மீ. ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஊசி துணிக்குள் இருப்பதாகக் கொண்டால், அதற்குள் தலைப்பகுதி 0.85 மி.மீ. நகர்ந்துவிடும். அங்குலத்துக்கு 12 தையல் என்றால் 0.71 மி.மீ.; 8 தையல் என்றால் 1.06 மி.மீ. தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ஸ்டிச் ரெகுலேட்டர் இயங்கும்வரை வேகம் கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாது. தையல் நீளம் மாறினால்தான் மாறும். 0.85 மி.மீ. என்பது ஹூக் இடைவெளியைப் போல 8.5 முதல் 17 மடங்கு. துணி சிறிது இளகிக் கொடுக்கிறது. மிச்சத்தை ஊசி வளைந்து தாங்குகிறது. தையல் விட்டுப்போகும் இயந்திரத்தில் தையல் நீளத்தைக் குறைத்துப் பார்ப்பது செலவே இல்லாத முதல் சோதனை.

ரெகுலேட்டரை அணைத்துவிட்டால் கணக்கு மோசமாகிறது. மோட்டார் நிமிடத்துக்கு 1,200 தையலில், அதாவது நொடிக்கு 20 தையலில், நிலையாக ஓடுகிறது என்போம். கை நொடிக்கு 2 அங்குலம் நகர்ந்தால் அங்குலத்துக்கு 10 தையல், பழைய 0.85 மி.மீ. நகர்வுதான். கை 4 அங்குலம் நகர்ந்தால் 5 தையல், 1.7 மி.மீ. 8 அங்குலம் நகர்ந்தால் 2.5 தையல், 3.4 மி.மீ. ஊசியின் விட்டமே 1 மி.மீ. தான். தன் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும் ஊசி, ஊசித்தட்டின் துளை விளிம்பில் மோதி முறிவதில் வியப்பில்லை. கையை மெதுவாக்க வேண்டும். முடியாவிட்டால் மோட்டாரின் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது ஊசியின் கனம். ஊசி எண் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்லப்படும் விட்டம்: 100 என்றால் 1.00 மி.மீ., 110 என்றால் 1.10 மி.மீ. லாங்ஆர்முக்குரிய எம்ஆர் வகையில் 3.5 என்பது 100/16; 4.0 என்பது 110/18. உருண்டைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். காடியும் குழிவும் இருப்பதால் ஊசிக்கு இது தோராயமே. ஆனாலும் திசை தெளிவு. 90இலிருந்து 100க்கு மாறினால் விறைப்பு 52% கூடுகிறது. 100இலிருந்து 110க்கு 46%. இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. 100இலிருந்து 110க்குப் போகும்போது துணியில் விழும் துளையின் பரப்பு 0.785 ச.மி.மீ.இலிருந்து 0.950 ச.மி.மீ. ஆகிறது, அதாவது 21% கூடுகிறது. ஹூக் பக்கம் ஊசி 0.05 மி.மீ. நெருங்கிவரக்கூடும். 90இலிருந்து 120க்கு ஒரேயடியாகத் தாவினால் நெருக்கம் 0.15 மி.மீ.; இருந்த இடைவெளி முழுவதையும் அது விழுங்கிவிடும். அதனால் முறிகிற ஊசிக்குப் பதிலாக ஒரு படி கனமானதைப் போடலாம். மூன்று படி தாவுவதானால் ஹூக்கையும் சரிபார்க்காமல் ஓட்டக்கூடாது.

நூல் பிசிறினால் ஊசியின் காதைப் பார்க்க வேண்டும். காதின் அகலம் ஊசி விட்டத்தில் சுமார் 40%: 90க்கு 0.36 மி.மீ., 100க்கு 0.40, 110க்கு 0.44. டெக்ஸ் 40 நூல், அதாவது 1,000 மீட்டருக்கு 40 கிராம் எடையுள்ள நூல், சுமார் 0.25 மி.மீ. தடிமன். காதில் அது அடைக்கும் அகலம் முறையே 69%, 63%, 57%. ஹூக்கைச் சுற்றிவர ஒவ்வொரு தையலுக்கும் 100 மி.மீ. நூல் கீழிறங்கி, அதில் 3.5 மி.மீ. மட்டும் துணியில் தங்குவதாகக் கொண்டால், நூலின் ஒரே இடம் ஏறத்தாழ 29 முறை காதுக்குள் போய்வருகிறது. காதில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தால் அது அத்தனை முறையும் நூலைச் சுரண்டும்.

பொருத்துவதிலும் பிழை நேரும். வீட்டு இயந்திர ஊசியின் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டை. திருப்பிப் போட முடியாது. லாங்ஆர்ம் ஊசியின் தண்டு உருண்டை, விட்டம் சுமார் 2 மி.மீ. அதை 10 பாகை தவறாகத் திருகினால் தண்டின் மேற்பரப்பில் தெரியும் விலகல் 0.17 மி.மீ. மட்டுமே, கண் அதைப் பிடிக்காது. காதில் ஒரு குண்டூசியைச் செருகி 30 மி.மீ. முன்னே நீட்டிக்கொண்டிருக்கச் செய்தால் அதே 10 பாகை 5.2 மி.மீ. விலகலாகத் தெரியும். இந்த எளிய சோதனையை ஒவ்வொரு ஊசி மாற்றத்தின்போதும் செய்யலாம். ஊசி துளையின் மேல்முட்டு வரை ஏறியிருக்கிறதா என்பதும் அதே நேரத்தில் பார்க்க வேண்டியது. திருப்பூர் லாக்ஸ்டிச் இயந்திரங்களில் புழங்கும் டிபி×1 ஊசியின் தண்டு 1.62 மி.மீ.; லாங்ஆர்ம் துளைக்குள் அது 0.38 மி.மீ. ஆட்டத்தோடு நிற்கும். அவசரத்துக்கும் உதவாது.

கடைசியாகச் செலவு. அமெரிக்காவில் குயின் அளவுக் கட்டிலின் மெத்தை 60 × 80 அங்குலம்; அதன்மேல் தொங்கும் குவில்ட் 90 × 100 அங்குலம் என்றால் பரப்பு 9,000 சதுர அங்குலம். தையல் கோடுகள் 1 அங்குல இடைவெளியில் ஓடினால் மொத்தக் கோடு 9,000 அங்குலம், 90,000 தையல். அரை அங்குல இடைவெளி என்றால் 1,80,000. ஒரு ஊசியை 8 மணிநேர ஓட்டத்துக்குப் பின் மாற்றுவது பலரின் வழக்கம். நிமிடத்துக்கு 1,200 தையல் வீதம் அது 5,76,000 குத்து: முதல் வகையில் 6.4 குவில்ட், நெருக்கத் தையலில் 3.2. ஊசி 1.25 டாலர் என்று வைத்தால் குவில்ட் ஒன்றுக்கு 20 அல்லது 39 சென்ட்.

சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் கூலி என்று கொண்டால் இந்தக் குவில்ட்டின் வரவு 180 டாலர். ஒவ்வொன்றுக்கும் புது ஊசி போட்டாலும் செலவு அதில் 0.7%. வேலை மொத்தம் 5 மணிநேரம் என்றால் ஒரு நிமிடத்தின் மதிப்பு 60 சென்ட். நூல் ஒருமுறை அறுந்து, மீண்டும் கோத்து, விட்ட இடத்தைச் சரிசெய்ய 3 நிமிடம் ஆனால் இழப்பு 1.80 டாலர், அதாவது ஊசியின் விலையைவிட 44% அதிகம். ஆகவே நூல் இரண்டாம் முறை அறும்வரை காத்திருக்க வேண்டாம். ஹூக்கின் திருகைத் தொடுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள்.